நீளும் கயிறும் நெருங்கும் கூட்டமும்

கயிற்றைப் பாம்பென மயங்கி அஞ்சியவன் கதை, நம் முன்னோர் தத்துவம் விளக்கக் கையாண்ட பழங்கதை. கயிறு ஒன்று குறுக்கே நிற்பதையே காணாது நடந்து, விழுந்து, கையை முறித்துக்கொண்டவர் கதை இக்காலத்துக் கதை. முன்னதை நாம் நூல்களிற் படித்தோம். பின்னதைக் கண்ணாரக் கண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டன் மாநகரில் வாழும் எமது மகள் வீட்டிற் சில வாரங்கள் தங்கியிருந்தோம். ஒரு சனிக்கிழமை நண்பகல் கடைவீதிக்குச் சென்றோம். நடைபாதை நிறையச் சனங்கள். பஸ் தரிப்பிடத்தருகே, தெருவின் ஓரமாக ஓர் இளைஞர் நின்று தமது கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நாயோ நடைபாதையின் மறுபுறத்தில், மரக்கறிக் கடையொன்றின் சுவரை மோந்துகொண்டு நின்றது. இருவருக்கும் இடையே நாலு யார் தூரம் இருக்கும். அந்த நாலு யாரையும் இணைத்து நின்றது, எழுதுகோலினும் மெல்லிய கறுப்புக் கயிறு ஒன்று. சாம்பல் நிற நடைபாதையின் மேல் அது எவர் கண்ணிலும் படவில்லை. எமது கண்ணிலும் படவில்லை என்பதை ஒளிக்காமற் கூறுகின்றோம்.

எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் இரு கைகளிலும் பைகளைத் தாங்கியவராய் எமக்கு முன்னே நடந்தார். அப்பொழுது எதிர்ப்புறம் வேறொரு நாயைக் கண்ட இந்நாய், திடீரெனப் பாய்ந்தது. கயிறு விறைத்தது, மூதாட்டியின் கணுக்காலைத் தட்டியது. அவர் முன்புறமாக விழுந்தார். விழும்போது ஊன்றிய வலக்கையின் மணிக்கட்டு முறிந்தது.

துன்பம் அத்துடன் நின்றிலது. பதறிய இளைஞர் மூதாட்டியைத் தூக்குவதற்காகத் தம் கையிலிருந்த கைப்பிடியைப் போட்டுவிட்டார். பாரமான அப்பிடி, கல்லின்மேற் கடகடவென ஓசையெழுப்பிக்கொண்டு நாயைத் துரத்தியது. தன்னை ஏதோ விரட்டுகின்றது என வெருண்ட நாய் தெருவின் நடுவே ஓடியது. பஸ் சாரதி சட்டென நிறுத்தியமையால் அது தப்பியது.

இளைஞர் நிலத்திலே அமர்ந்து கண்ணீர் விட்டார். "இது நல்ல நாய், ஒருவரையும் கடித்ததில்லை" என்று திரும்பத் திரும்பக் கூறினார். அவர் கூறியது உண்மையே. வலியால் முனகிக்கொண்டிருந்த அம்மூதாட்டி முதலிற் கேட்ட கேள்வி, "நாய்க்கு அடிபட்டதா?" என்பதுதான். நாயும் நல்ல நாய், வளர்த்தவரும் நல்லவர், விழுந்தவரோ அதனினும் நல்லவர். ஆயினும் ஒரு கை முறிந்தது. எனின், பிழை எங்கே?

கருவியின் வரலாறு

தானாக நீண்டு தானாகச் சுருளும் இந்த நாய்க்கயிற்றை இங்கே சுருள்கயிறு என்று வழங்குவோம். இதன் எண்ணம் புதியதன்று. 1908ஆம் ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்காவில் மேரி டெலேனி என்னும் அம்மையார் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அது உலகெங்கும் பரவியது, 1970களில் ஜெர்மனியைச் சேர்ந்த மன்பிரட் போக்டான் என்பவர் இதனைப் புதுக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னரே. மரமறுக்கும் இயந்திர வாளை இயக்கக் கயிறொன்றை இழுப்பார்கள். இழுத்த கயிறு மீண்டும் உள்ளே சுருண்டுவிடும். அந்தப் பொறியே இதற்கு வழிகாட்டியாயிற்று.

கைப்பிடியாக அமைந்த கூட்டினுள்ளே ஓர் உருளையும், அதனோடு பொருந்திய சுருள்வில்லும் உள்ளன. நாய் முன்னே சென்றால் உருளை சுழன்று கயிற்றை விடும். நாய் திரும்பினால் சுருள்வில் அதனை உள்ளே இழுத்துக்கொள்ளும். கையிலுள்ள பொத்தானை அழுத்தினால் கயிறு நீளாது நிற்கும். மூன்று மீட்டர், ஐந்து மீட்டர், எட்டு மீட்டர் எனப் பல அளவுகளில் இது கிடைக்கின்றது. சனசஞ்சாரமற்ற வெளியிலே, அவிழ்த்துவிடவும் இயலாமல் அருகே இழுத்துப் பிடிக்கவும் மனமின்றி இருப்பவருக்கு இது நல்ல துணை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் வெளிக்கு ஏற்ற கருவி வீதிக்கும் ஏற்றதாகுமா என்பதே வினா.

ஒரு சிறு கணக்கு

மாணவர்கள் இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறடி, அதாவது ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளமான சாதாரணக் கயிற்றிற் கட்டிய நாய், பிடித்திருப்பவரைச் சுற்றி உலாவக்கூடிய வட்டத்தின் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர். ஐந்து மீட்டர்ச் சுருள்கயிற்றிற் கட்டிய நாய்க்கோ அப்பரப்பு 78 சதுர மீட்டர் ஆகின்றது. கயிற்றின் நீளம் மூன்று மடங்கினும் குறைவாகவே கூடியது. நாயின் ஆட்சிக்குட்பட்ட நிலமோ ஏறக்குறைய எட்டு மடங்கு கூடிவிட்டது. வெட்டவெளியில் இது நாய்க்குக் கிடைத்த சுதந்திரம். நடைபாதையில் இது மற்றவர்களிடமிருந்து கேளாமற் பெற்றுக்கொண்ட இடம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓடும் நாய் வினாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தை எளிதில் எட்டிவிடும். எதிர்பாராத ஒன்றைக் கண்டு, உணர்ந்து, விரலாற் பொத்தானை அழுத்துவதற்கு நமக்கு ஒரு வினாடியளவாவது செல்லும். எனவே நாம் பொத்தானை அழுத்தும் நேரத்திற் கயிறு முழுவதும் ஓடி முடிந்திருக்கும். அவ்வேகத்தில் ஓடும் 25 கிலோ நாய் கயிற்றின் எல்லையிலே வந்து நிற்கும்போது, அதே நிறையுள்ள அரிசி மூடை நாலடி உயரத்திலிருந்து விழும் வலு அதனிடம் உண்டு. அந்த வலு முழுவதும் ஒரு முனையில் நாயின் கழுத்திலும், மறுமுனையில் பிடித்தவர் தோளிலும் மணிக்கட்டிலும் தாக்குகின்றது. இடையே மனிதர் எவரேனும் இருப்பின், அவர் காலிலும் தாக்குகின்றது.

எவ்வெவ்வாறு இடர் விளைகின்றது?

முதலாவது, மெல்லிய கயிறு கண்ணுக்குத் தெரிவதில்லை. முதியோர், பார்வை குன்றியோர், குழந்தை வண்டி தள்ளும் தாய்மார், துவிச்சக்கர வண்டியிற் செல்வோர் ஆகியோருக்கு இது வழியின் குறுக்கே கட்டிய கண்ணியாகின்றது.

இரண்டாவது, ஓடும் கயிறு அறுக்கும். காலைச் சுற்றி விரைந்து இழுபடும்போது தோலைத் தீய்த்ததுபோற் காயம் உண்டாக்கும். அதனினும் கொடியது, நாயை நிறுத்தும் அவசரத்தில் வெறுங்கையாற் கயிற்றைப் பற்றுவது. விரலைச் சுற்றிய கயிறு எலும்புவரை வெட்டியதும், விரலே துண்டாகியதும் அமெரிக்காவில் நிகழ்ந்துள்ளன.

மூன்றாவது, கொளுக்கியோ கழுத்துப்பட்டியோ உடைந்தால், விறைத்து நின்ற கயிறு பிடித்தவர் முகத்தை நோக்கிச் சாட்டைபோல் மீளும். 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இக்காரணத்தாலேயே ஒரு வகைச் சுருள்கயிறுகள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

நான்காவது, கைநழுவிய பிடி நாயைத் துரத்தும். சாதாரணக் கயிறு கைநழுவினால் ஓசையின்றி இழுபடும். அதன் நுனியைக் காலால் மிதித்தாவது நாயை நிறுத்தலாம். இதுவோ நாயை வெருட்டித் தெருவிலே தள்ளிவிடும்.

ஐந்தாவது, மின்தூக்கிகளின் கதவு. எசமானர் உள்ளே நிற்க, நாய் வெளியே நிற்க, கதவு மூடிக்கொண்டு மின்தூக்கி புறப்பட்டால் நிகழ்வதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் இதனை மறத்தலாகாது.

இவற்றோடு நாய்க்குப் பழக்கும் பாடமும் ஒன்றுண்டு. இழுத்தாற் கயிறு நீளும் என்பதைச் சுருள்கயிறு நாய்க்கு நாள்தோறும் கற்பிக்கின்றது. ஆதலின் இழுக்கும் நாய் மேலும் இழுக்கவே பழகும். அருகே நடக்கப் பழகாத நாயைக் கூட்டத்தினுள் கொண்டுசெல்வது எவருக்கும் நன்மையன்று.

எண்கள் கூறுவது

அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டில் மட்டும் நாய்க்கயிறுகளால் ஏற்பட்ட காயங்களுக்காக வைத்தியசாலைகளிற் சிகிச்சை பெற்றோர் தொகை 16,564 எனக் கணக்கிடப்பட்டது. இவற்றுள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு விரற் காயங்கள். பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவை பத்து வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடைய சிறுவருக்கு நேர்ந்தவை. இது எல்லா வகைக் கயிறுகளையும் சேர்த்த கணக்கு. சுருள்கயிற்றின்மேல் மட்டும் முழுப் பழியையும் சுமத்துதல் நேர்மையாகாது.

2023ஆம் ஆண்டில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட கணக்கு இன்னும் விரிவானது. 2001 முதல் 2020 வரையான இருபது ஆண்டுகளில், கயிற்றிற் கட்டிய நாயை நடத்திச் செல்லும்போது காயமுற்று அமெரிக்க வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்ற வயதுவந்தோர் 422,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் நால்வரில் மூவர் பெண்கள். விரல் முறிவு, தலையில் மூளைவரை தாக்கிய அடி, தோட்பட்டைச் சுளுக்கு என்பனவே அதிகம் காணப்பட்ட காயங்கள். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் இளையோரைக் காட்டிலும் மூன்று மடங்குக்கு மேல் விழும் ஆபத்துடையவர்கள் என்பதும் அதிற் கண்ட செய்தி. இவை நாயைப் பிடித்துச் சென்றவர்களின் கணக்கு. அருகே நடந்து சென்று கயிற்றில் இடறியவர்களை இது சேர்க்கவில்லை.

இவற்றை எண்ணியே போலும், நெருக்கம் மிகுந்த இடங்களிற் கயிற்றின் நீளத்துக்கு வரம்பு விதித்திருக்கின்றனர். நியூயோர்க் நகரிலே பொது இடத்திற் கொண்டுசெல்லும் நாயின் கயிறு ஆறடிக்கு மேற்படலாகாது என்பது நகரச் சுகாதார விதி. ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களிலும் ஆறடியே எல்லை. பிரித்தானியாவின் பெருந்தெரு விதிக்கோவை, தெருவிலும் நடைபாதையிலும், துவிச்சக்கர வண்டிகளும் நடப்போரும் பகிர்ந்துகொள்ளும் பாதைகளிலும் நாயைக் குறுகிய கயிற்றிற் பிடித்துச் செல்லுமாறு அறிவுறுத்துகின்றது.

செய்யத்தக்கவை

கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நம்மவர் பிள்ளைகள் பலர் இன்று நாய் வளர்க்கின்றனர். விடுமுறைக்கு அங்கே செல்லும் பாட்டனும் பாட்டியும், "நீங்கள் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போங்கள்" என்ற வேண்டுகோளுடன் இக்கருவியைக் கையேற்பதும் உண்டு. ஆதலின் சிலவற்றை நினைவிற் கொள்ளுதல் நன்று.

கடைவீதி, புகையிரத நிலையம், பாடசாலை வாசல், சந்தை ஆகிய இடங்களுக்கு நாலு முதல் ஆறடி வரையான சாதாரணக் கயிற்றையே கொண்டுசெல்லுங்கள். சுருள்கயிறுதான் கையில் உண்டெனின், வீட்டுப் படலையைத் தாண்டுமுன்னரே அதனைக் குறுக்கிப் பூட்டிவிடுங்கள். திறந்த வெளியை அடையும்வரை பூட்டு விலகலாகாது. கயிற்றை விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றாதீர்கள். ஓடும் கயிற்றைக் கையாற் பற்றாதீர்கள். இழைக் கயிற்றினும் பட்டையான நாடா நன்று. அது கண்ணுக்கும் தெரியும், தோலையும் அவ்வளவாக அறுக்காது. நாயின் நிறைக்கு ஏற்ற கயிற்றைத் தேர்ந்து, கொளுக்கியையும் நாடாவையும் அடிக்கடி சோதியுங்கள். சிறுவர் கையிற் சுருள்கயிற்றைக் கொடாதீர்கள். கழுத்துப்பட்டிக்குப் பதிலாக மார்புப்பட்டி அணிவித்தால், திடீரென நிற்கும்போது நாயின் தொண்டை நசுங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடைபாதையிற் செல்லும்போது நமது கண் கைத்தொலைபேசியில் அல்லாது நாயின்மேல் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டப் பகுதிகளில் ஆடு மாடு மேயக் கட்டுவோரை நாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் கட்டையை அறைந்தவுடன் கயிற்றை முடிந்துவிட்டு வந்துவிடுவதில்லை. கயிற்றை இழுத்து, நாலு புறமும் நடந்து, அயலவனுடைய வெங்காயப் பாத்திக்கு வாய் எட்டுமா என்று பார்த்த பின்னரே முடிச்சிடுவார்கள். எட்டும் எனிற் கயிற்றைக் குறுக்குவார்கள். மாட்டின்மேற் கொண்ட அன்பு குறைந்தமையாலா? அன்று. தன் மாட்டின் பசியை அறிந்தவன் அயலவனின் பாத்தியையும் அறிந்திருந்தான், அவ்வளவே.

இலண்டன் வீதியிலே அவ்விளைஞர் அளக்க மறந்தது அந்த அளவைத்தான். மூதாட்டியை வைத்தியசாலைக்கு ஏற்றிய பின்னர், அவர் அந்தக் கைப்பிடியை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் கயிறு முழுவதையும் உள்ளே சுருளவிட்டுப் பூட்டினார். நாயைத் தம் முழங்காலோடு அணைத்தாற்போல நடத்திக்கொண்டு வீடு திரும்பினார். நாயும் யாதொரு குறையும் இன்றி, அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி உடன் நடந்தது.