ராக் இசை: சத்தமா, சங்கதியா?

"ராக்னா வெறும் கத்தல்தானே மச்சான்?" என்று ஹாஸ்டலில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. கத்தல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கத்தலுக்குள் நம்ம பாடப்புத்தகத்துச் சங்கதி எத்தனையோ ஒளிந்திருக்கிறது. நான்கு ஆல்பங்களை வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரே குரல், இரண்டு முறை

அமெரிக்காவின் நிர்வானா குழு 1991 செப்டம்பரில் வெளியிட்டது 'நெவர்மைண்ட்'. குழுவில் மூன்றே பேர். 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தையே அமெரிக்காவில் முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டது! கர்ட் கோபேனின் குரல் அதில் அவ்வளவு கனமாகக் கேட்பது எப்படி? தயாரிப்பாளர் புட்ச் விக் அவரை ஒரே வரியை மறுபடியும் பாடவைத்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார். எந்த மனிதனும் இம்மி பிசகாமல் இரண்டு முறை பாட முடியாது. அந்த நூலிழை வித்தியாசம்தான் குரலைத் தடிமனாக்குகிறது.

மாடிப்படியே எக்கோ மெஷின்

இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழுவின் 'ஓகே கம்ப்யூட்டர்' 1997-ல் வந்தது. பெரும்பகுதியைப் பதிவு செய்தது பாத் நகருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகையில். ஒரு பாட்டை தாம் யார்க் கல் படிக்கட்டில் வைத்தே பாடினார். எதிரொலியைக் கட்டடமே கொடுத்தது. செலவில்லாத எஃபெக்ட்!

பேஸ் இல்லாத பேஸ்

தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் 'எலிஃபன்ட்', 2003. இதில் இரண்டே பேர்: ஜாக் ஒயிட், மெக் ஒயிட். லண்டனில் ஒரு சின்ன ஸ்டுடியோ, 8 டிராக் டேப் மெஷின். கம்ப்யூட்டரே தொடவில்லை. அதன் முதல் பாட்டில் பேஸ் கிடார் மாதிரி உறுமுவது சாதாரண கிடார்தான். காலால் மிதிக்கும் ஒரு பெடல் அதன் அதிர்வெண்ணைப் பாதியாக்குகிறது. கிடாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ், பாதியாக்கினால் 41. பேஸ் கிடாரின் தடித்த கம்பியும் அதே 41-தான். கணக்குச் சரியா? 2006 உலகக்கோப்பையில் இத்தாலி ரசிகர்கள் மைதானம் அதிர முழங்கியது இந்த மெட்டைத்தான்.

தலையை வெட்டினால்...

கடைசியாக, மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்', 2008. பெயருக்கும் வசதிக்கும் குறைவில்லாத குழு. சி.டி.யில் பதியும் ஒலிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. ஆனாலும், அடுத்தவன் பாட்டைவிட நம்ம பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று அப்போது போட்டி. அதனால் மெல்லிய ஒலியையெல்லாம் ஏற்றினார்கள். அலையின் உச்சி வெட்டுப்பட்டது. கிளிப்பர் சர்க்யூட் பிராக்டிகலில் சி.ஆர்.ஓ. திரையில் சைன் அலை மொட்டைத் தலையாக நிற்குமே, அதேதான்! அதே பாட்டுகள் 'கிடார் ஹீரோ' வீடியோ கேமில் இவ்வளவு நசுங்காமல் வந்தன. ஒப்பிட்டுக் கேட்ட ரசிகர்கள், மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள்.

நமக்கு இதிலே என்ன? "லேபில் மெஷின் பழசு சார்" என்று சலித்துக்கொள்கிறோம். பழைய டேப் மெஷினில் உலகமே பாடும் பாட்டு பிறந்தது. எல்லா வசதியும் இருந்த இடத்தில் அலை மொட்டையானது. கருவி முக்கியம்தான். அதை எங்கே நிறுத்துவது என்று தெரிவது அதைவிட முக்கியம்.

இந்த நான்கையும் வால்யூமைக் கொஞ்சம் குறைத்துவைத்துக் கேளுங்கள். அப்புறமும் வெறும் கத்தல் என்று தோன்றினால், தாராளமாக வந்து என்னோடு சண்டை போடலாம்!