கூடைப்பந்து வீரர் மதிப்பீடும் அணி அமைப்பும்

கூடைப்பந்து வீரர் மதிப்பீடு என்பது ஒரு தொழில்முறை வீரர் தமது அணியின் வெற்றிக்கு எந்த அளவு பங்களிக்கிறார் என்பதை அளந்தறியும் முயற்சியாகும். வட அமெரிக்காவின் என். பி. ஏ. கூட்டிணைவில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடுகின்றது. அங்கு அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு உண்டு. ஆகவே அணி மேலாளருக்கு "சிறந்த வீரர் யார்?" என்பதைக் காட்டிலும் "இந்தச் சம்பளத்துக்கு இவர் எத்தனை வெற்றிகளைத் தருவார்?" என்பதே முதன்மையான கேள்வியாகும்.

புள்ளிக் கணக்கின் குறைபாடுகள்

ஆட்ட முடிவில் வெளியாகும் அட்டவணையில் ஒவ்வொரு வீரரும் பெற்ற புள்ளிகள், ரீபவுண்டுகள், அசிஸ்ட்டுகள் முதலியன இடம்பெறும். இவ்வட்டவணை தாக்குதல் ஆட்டத்தை ஓரளவு காட்டுகிறது. தடுப்பாட்டத்தை மிகக் குறைவாகவே காட்டுகிறது. எதிரணியின் எறிதலைத் தடுப்பதும் பந்தைப் பறிப்பதும் 1973-74 பருவத்திலிருந்தே அதிகாரப்பூர்வமாகப் பதிவு செய்யப்படுகின்றன. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் 13 பருவங்களில் 11 முறை வாகை சூடிய பில் ரசல், தடுப்பாட்டத்துக்குப் பெயர் பெற்றவர். அவர் 1969-இல் ஓய்வு பெற்றதால், அவர் தடுத்த எறிதல்களின் எண்ணிக்கை என். பி. ஏ. ஏடுகளில் இல்லை.

புள்ளிகளின் எண்ணிக்கையும் ஏமாற்றக்கூடியது. ஒருவர் 25 முறை எறிந்து 24 புள்ளிகளும் மற்றொருவர் 14 முறை எறிந்து 20 புள்ளிகளும் பெறுவதாகக் கொள்வோம். செய்தித்தாளில் முதலாமவர் பெயரே தலைப்பில் வரும். ஆனால் அவர் கூடுதலாக எடுத்துக்கொண்ட 11 எறிதல்களால் அணிக்குக் கிடைத்தவை 4 புள்ளிகள் மட்டுமே. அவ்வாய்ப்புகள் சக வீரர்களுக்குச் சென்றிருந்தால் அணி மேலும் பல புள்ளிகள் பெற்றிருக்கும். இதே கணக்கு எறியும் இடத்துக்கும் பொருந்தும். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 35 சதவீதம் வெற்றி பெறுபவர் எறிதலுக்குச் சராசரியாக 1.05 புள்ளி பெறுகிறார். கோட்டுக்கு உள்ளிருந்து 45 சதவீதம் வெற்றி பெறுபவர் 0.90 புள்ளியே பெறுகிறார். 1979-80 பருவத்தில் என். பி. ஏ.யில் மூன்று புள்ளிக் கோடு வரையப்பட்டும், அணிகள் இந்த எளிய பெருக்கலை முழுமையாகப் பயன்படுத்தப் பல பத்தாண்டுகள் ஆயின என்பது வியப்புக்குரியது.

அளவுகோல்கள்

ஜான் ஹாலிஞ்சர் உருவாக்கிய செயல்திறன் மதிப்பீடு, அட்டவணை எண்களை ஒரே எண்ணாகத் தொகுக்கிறது. இதில் சராசரி வீரரின் மதிப்பு எப்போதும் 15. டீன் ஆலிவர் 2004-இல் வெளியிட்ட நூலில், ஆட்டத்தின் முடிவை எறிதல் திறன், பந்தை இழத்தல், ரீபவுண்ட், தடையற்ற எறிதல் என்னும் நான்கு காரணிகளாகப் பிரித்தார். அவற்றுள் எறிதல் திறனுக்கே மிகுந்த எடை அளித்தார்.

வேறொரு வழி, வீரர் களத்தில் இருந்த நேரத்தில் அணி எத்தனை புள்ளிகள் முந்தியது அல்லது பிந்தியது என்று பார்ப்பதாகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. சிறந்த நால்வருடன் ஆடும் ஐந்தாமவரும் சிறந்தவராகத் தோன்றுவார். இதைச் சரிசெய்ய, களத்திலிருந்த பத்துப் பேரையும் மாறிகளாகக் கொண்டு ஆயிரக்கணக்கான சமன்பாடுகளுக்கு ஒருசேரத் தீர்வு காணப்படுகிறது. ஆயினும் எப்போதும் சேர்ந்தே ஆடும் இருவரின் பங்கைப் பிரித்தறிவது கடினம். ஒரு பருவத்தின் தரவு இதற்குப் போதாது.

இம்முறையால் வெளிச்சத்துக்கு வந்தவர்களுள் ஷேன் பேட்டியர் குறிப்பிடத்தக்கவர். அவரது புள்ளிகளும் ரீபவுண்டுகளும் மிகச் சாதாரணமானவை. ஆனால் அவர் களத்தில் இருக்கும்போது அவரது அணி மேம்பட்டது. எதிரணியின் முன்னணி வீரர் தமக்கு உகந்த இடங்களிலிருந்து எறிய இயலாமல் போனது. அவரைப் பற்றி மைக்கேல் லூயிஸ் 2009-இல் எழுதிய கட்டுரை பரவலாக வாசிக்கப்பட்டது. 2013-14 முதல் எல்லா அரங்குகளிலும் பொருத்தப்பட்ட கேமராக்கள் வீரர்களின் நகர்வை நொடிக்கு 25 முறை பதிவு செய்யத் தொடங்கின. அதன்பின் இத்தகைய தடுப்பாட்டத்தை ஓரளவு நேரடியாகவே அளக்க முடிந்தது.

சம்பள வரம்பு

1984-85 பருவத்தில் 36 இலட்சம் டாலராக இருந்த வரம்பு, 2025-26 பருவத்தில் ஏறத்தாழ 15.46 கோடி டாலராக உயர்ந்தது. இவ்வரம்பு இறுக்கமானதன்று. சொந்த வீரரைத் தக்கவைத்துக்கொள்ள அணி அதைத் தாண்டலாம். இவ்விலக்கு லாரி பேர்டின் பெயரால் அழைக்கப்படுகிறது. மிகவும் தாண்டினால் வரியும், வீரர்களைச் சேர்ப்பதில் கட்டுப்பாடுகளும் உண்டு. 2023 ஒப்பந்தம் இக்கட்டுப்பாடுகளைக் கடுமையாக்கியது.

தனி வீரரின் சம்பளத்துக்கும் உச்ச அளவு உண்டு. அனுபவத்தைப் பொறுத்து அது பொதுவாக வரம்பில் 25, 30 அல்லது 35 சதவீதமாகும். இதனால் ஒரு முரண் எழுகிறது. தலைசிறந்த வீரர் தமது மதிப்பைவிடக் குறைவாகவே பெறுகிறார். புதிய வீரர்களின் சம்பளமும் பட்டியலால் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் அவர்களும் அணிக்கு மலிவாகக் கிடைக்கின்றனர். அணிகள் பெரிதும் இழப்பது நடுத்தர வீரர்களுக்கு அளிக்கும் நீண்ட ஒப்பந்தங்களில்தான்.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கணுக்கால் காயங்களால் அவதியுற்ற ஸ்டெஃபன் கரி, 2012-இல் நான்கு ஆண்டுகளுக்கு 4.4 கோடி டாலர் ஒப்பந்தத்தை ஏற்றார். பின்னர் 2015, 2016 ஆண்டுகளில் அவரே கூட்டிணைவின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானார். 2016-இல் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் வரம்பு 7 கோடியிலிருந்து 9.41 கோடி டாலராகத் தாவியது. முந்தைய பருவத்தில் 73 ஆட்டங்களை வென்றிருந்த அவ்வணி, கெவின் டுராண்டையும் சேர்த்துக்கொண்டது. 2016-17 பருவத்தில் கரி தமது அணியிலேயே நான்காவது அதிகச் சம்பளம் பெறுபவராக இருந்தார்! அணி 2017, 2018 ஆண்டுகளில் வாகை சூடியது.

புது வீரர் தேர்வும் தோல்வியும்

டிராஃப்ட் எனப்படும் ஆண்டுத் தேர்வில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை உண்டு. முதல் இடங்கள் குலுக்கல் மூலம் முடிவாகும். இதனால் தோற்பதே இலாபம் என்ற நிலை உருவானது. பிலடெல்பியா 76அர்ஸ் 2013 முதல் இவ்வழியை வெளிப்படையாகவே பின்பற்றி, 2015-16 பருவத்தில் 72 ஆட்டங்களில் தோற்றது. ஜோயெல் எம்பீட் இக்காலத்தில் கிடைத்தவரே. எனினும் 2025 வரை அவ்வணி இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. 2019 குலுக்கலில் கடைசி அணிக்கு முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு 25 சதவீதத்திலிருந்து 14 ஆகக் குறைக்கப்பட்டது.

தேர்வாளர்களின் கணிப்பும் தவறக்கூடியது. 2014-இல் 41-ஆவதாகத் தேர்வான நிக்கோலா யோக்கிச், மூன்று முறை மிகச் சிறந்த வீரர் விருது பெற்றதுடன் டென்வர் அணிக்கு 2023 வாகையையும் பெற்றுத் தந்தார்.

கணக்கின் எல்லை

டேரில் மோரியின் மேலாண்மையில் ஹியூஸ்டன் ராக்கெட்ஸ் முழுக்க மூன்று புள்ளி எறிதலை நம்பி அமைக்கப்பட்டது. 2018 மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாம் ஆட்டத்தில், வாரியர்சுக்கு எதிராக அது தொடர்ந்து 27 மூன்று புள்ளி எறிதல்களைத் தவறவிட்டு 92-101 எனத் தோற்றது. தொடை தசைக் காயத்தால் கிறிஸ் பால் அவ்வாட்டத்தில் ஆடவில்லை.