மலையகப் பெண்களும் மக்கள் சபைகளும்

தோட்டங்களில் கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சங்கத்துக்குச் சந்தா கட்டுவோரிலும் அவர்கள் பலர். ஆயினும் தோட்டத் தலைவர் பெரும்பாலும் ஆணாகவே இருக்கிறார். மாதர் தலைவியின் வேலையோ கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது. மக்கள் சபைகளிலும் நெடுங்காலம் இதே நிலைதான். இது எப்படி வந்தது என்று பார்ப்போம்.

தொடக்கத்திலேயே ஒரு பெண் முன்னின்றார். 1931இல் இலங்கையில் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. அதே ஆண்டில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தை அமைத்து, அட்டனில் இருந்து இயங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தாமே பாடல்களை இயற்றி, மக்கள் அறிந்த மெட்டுகளில் தோட்டம் தோட்டமாகப் பாடினார். எழுத்தறியாதவருக்கும் அப்பாடல்களின் வழியே அரசியல் புரிந்தது. 1940இல் அவை சிறு நூலாகவும் வெளிவந்தன. 1936இல் நடேசய்யர் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அம்மையாருக்கோ எந்தச் சபையிலும் ஆசனம் இருக்கவில்லை.

1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். எழுவரும் ஆண்கள். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எமது மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1949இல் வாக்கும் பறிபோனது. வாக்கே இல்லாத வீட்டில் பெண்ணுக்கு ஆசனம் எங்கிருந்து வரும்? எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் பிரஜாவுரிமை வழங்கியது.

மாகாண சபைகள் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாயின. பாடசாலை, வைத்தியசாலை, விவசாயம், வீதி எனக் குடும்பத்தை நேரடியாகத் தொடும் பல விடயங்கள் அவற்றின் பொறுப்பில் வந்தன. மத்திய மாகாண சபையில் 58 ஆசனங்கள். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்த பின்னர், எல்லை நிர்ணயச் சிக்கலால் தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. மாகாண அரசியலில் கால் வைக்க எண்ணிய பெண்களின் கதவும் அதனுடன் மூடிக்கொண்டது.

பிரதேச சபைகளில் நிலை சற்று மாறியது. பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீட்டுடன் 2018 பெப்ரவரியில் தேர்தல் நடந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் உள்ளூராட்சிப் பெண் உறுப்பினர் இரண்டு வீதம்கூட இல்லை. தோட்டப் பகுதிகளுக்குப் பிரதேச சபை செலவு செய்யத் தடையாயிருந்த சட்டமும் அதே ஆண்டில் திருத்தப்பட்டது. 2024 நவம்பரில் நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகினர்.

இடம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பதிவேட்டில் பெயர் இல்லையேல் வாக்கு இல்லை. வாக்கு இல்லையேல் காணி, தண்ணீர், பாதை பற்றிய குரலும் எடுபடாது. ஆகவே கிராம சேவகர் வாக்காளர் படிவம் தரும்போது, வீட்டிலுள்ள தாய், மருமகள், பதினெட்டு வயது நிரம்பிய மகள் ஆகிய எல்லோருடைய பெயரும் அதில் எழுதப்பட்டுள்ளதா என்று பார்ப்போம். அடுத்த சங்கக் கூட்டத்தில் மாதர் தலைவியையும் பேசச் சொல்லிக் கேட்போம். சபைக்குச் செல்லும் பாதை அங்கேதான் தொடங்குகிறது.