இருபத்திரண்டு நிமிஷத்தில் ஒரு வீடு!

'டிரெய்லர்' என்றதும் உங்களில் பலருக்குச் சினிமாக் கொட்டகைதான் ஞாபகத்துக்கு வரும். வரப்போகிற படத்திலிருந்து நாலு சண்டையும் ஒரு பாட்டும் வெட்டிக் காட்டுவார்களே, அது அல்ல நான் சொல்ல வந்தது. இது மோட்டார் காரின் பின்னால் கொக்கி போட்டு மாட்டி, ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகிற குட்டி வீடு. உள்ளே படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, பாத்திரம் தேய்க்கத் தொட்டி உண்டு, ஜன்னலுக்குத் திரைகூட உண்டு. அமெரிக்கர்கள் விடுமுறைப் பிரயாணத்துக்காக ஏற்படுத்திக்கொண்ட சௌகரியம்.

1940-களிலும் 50-களிலும் செய்த அந்தப் பழைய வண்டிகள் பண்ணை வீட்டுக் கொல்லைகளிலும் மரத்தடிகளிலும் எலிக் குடும்பங்களுக்கு இருப்பிடமாகக் கிடந்தன. அவற்றைத் தேடிப் பிடித்து வாங்கி, பழுது பார்த்து, மறுபடி சாலையில் ஓட விடுவது இன்று அங்கே ஒரு பெரிய பொழுதுபோக்கு. ஆணும் பெண்ணும் இதில் பைத்தியமாக இருக்கிறார்கள். பைத்தியம் முற்றினால் டெலிவிஷன்காரர்கள் சும்மா விடுவார்களா? காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். 2010-களில் ஒளிபரப்பான 'ஃப்ளிப்பின் ஆர்வீஸ்' என்ற தொடர், ஒரீகன் மாநிலத்து பெண்ட் நகரில் உள்ள ஒரு பட்டறையைச் சுற்றி எடுக்கப்பட்டது. அந்தப் பட்டறைக்காரர்கள் தொழில் தெரிந்தவர்கள். அவர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. புகாரெல்லாம் கத்தரிக்கோலைப் பற்றித்தான்.

அரை மணி நிகழ்ச்சி என்றால் விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 22 நிமிஷம். இந்த ரக நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே ஜாடை. முதலில் அழுக்கும் துருவுமாக ஒரு வண்டி வந்து நிற்கும். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு ஒருவர் சம்மட்டியை எடுத்து உள்ளே இருப்பதையெல்லாம் அடித்து நொறுக்குவார். விளம்பரம். திரும்பி வந்தால் பளிச்சென்று வெள்ளைப் பெயின்ட், பூப்போட்ட திரை, மெத்தைமேல் ஆறு தலையணை! சொந்தக்காரி வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீர் விடுவாள். திரையில் வாங்கின விலை, செலவு, விற்ற விலை என்று ஒரு கூட்டல் கணக்கு ஓடும். சுபம்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளைப் பெயின்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையை விரலால் அமுக்கிப் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது.

பலகைக்குப் போவதற்கு முன்னால், இந்த வீடுகள் எப்படித் தோன்றின என்பதில் பெண்களாகிய உங்களுக்குச் சேர வேண்டிய பங்கைச் சொல்லிவிடுகிறேன். 'ஏர்ஸ்ட்ரீம்' என்று ஒரு வெள்ளி நிற வண்டி உண்டு. நீள உருண்டையாக, ஆகாய விமானத்தின் வயிற்றைக் கத்தரித்து வைத்ததுபோல் இருக்கும். அதை ஏற்படுத்தியவர் வாலி பையம். தரையில் படுத்துத் தூங்கவும் சமையலறை இல்லாமல் காட்டுக்கு வரவும் முடியாது என்று அவர் மனைவி மரியன் சொல்லிவிட்டதால்தான் பையம் முதல் வண்டியைக் கட்டினார் என்று அந்தக் கம்பெனியின் சரித்திரமே சொல்கிறது. அந்த அம்மாள் 'சரி' என்று தலையாட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை!

விமான ஜாடை வந்ததற்கும் காரணம் உண்டு. ஹாலி போலஸ் என்பவர், லிண்ட்பெர்க் 1927-இல் அட்லாண்டிக் கடலைத் தன்னந்தனியே தாண்டிய விமானத்தைக் கட்டும் வேலையை மேற்பார்த்தவர். அவர் 1934-இல் ரிவெட் அடித்த அலுமினியத் தகட்டில் ஒரு டிரெய்லர் செய்தார். அதற்கு வாசல் முன்பக்கம், கார் மாட்டும் கொக்கிக்கு மேலே! புடவை கட்டியவர்கள் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பையம் அந்த வாசலைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936-இல் 'கிளிப்பர்' என்று விற்றார். 1969-இல் சந்திரனிலிருந்து திரும்பிய மூவரைக் கப்பலில் தனிமையில் அடைத்து வைத்தார்களே, அந்தப் பெட்டியும் ஒரு ஏர்ஸ்ட்ரீமை மாற்றி அமைத்ததுதான். ஜனாதிபதி நிக்ஸன் கண்ணாடிக்கு வெளியே நின்று அவர்களோடு பேசினார்.

ஆனால் அநேகம் பேர் கையில் அகப்படுவது ஏர்ஸ்ட்ரீம் அல்ல. அதைவிட மலிவான மரச்சட்ட வண்டி. பக்கத்திலிருந்து பார்த்தால் பன்றி இறைச்சியை அடைத்து விற்கிற தகர டப்பாவின் வடிவம். அதனால் 'கேன்ட் ஹாம்' என்றே அதற்குச் செல்லப் பெயர். (சைவ வாசகிகள் மன்னிக்க வேண்டும், பெயர் வைத்தது நான் அல்ல.) உள்ளே மெல்லிய மரச் சட்டங்கள், உட்புறம் பிர்ச் மரத்து ப்ளைவுட், வெளியே காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிமனான அலுமினியத் தகடு. அவ்வளவுதான் வீடு.

இதற்கு ஒரே விரோதி தண்ணீர். மேலே காற்றுப் போக வைத்த திறப்பு, ஜன்னல் விளிம்பு, தகடும் தகடும் சேரும் மூலை ஆகிய இடங்களில் அந்தக் காலத்தில் அப்பிய மக்கு வறண்டு வெடித்துவிடும். மழைத்துளி அந்த வெடிப்பில் நுழையும். நுழைந்தது நேரே சொட்டினால் பரவாயில்லை, பாத்திரம் வைக்கலாம்! அது சட்டத்தோடு சட்டமாக ஊர்ந்து, எங்கேயோ போய் அடிமரத்தில் தேங்கும். மொட்டை மாடி ஒழுகும் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இந்த வித்தை தெரியும்: மேலே வெடிப்பு கிழக்கு மூலையில், கீழே ஈரம் மேற்குச் சுவரில். வெளியே அலுமினியம் சிரித்துக்கொண்டிருக்க, உள்ளே கட்டை ஊறவைத்த ரஸ்க்குப்போல் ஆகியிருக்கும். கைதேர்ந்தவர்கள் வண்டி வாங்கப் போனால் அழகைப் பார்ப்பதில்லை. உள்ளே போய் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துகிறார்கள். மெத்தென்று இருந்தால் விலையைக் குறை, அல்லது விட்டுவிடு.

மரம் போய்விட்டதென்றால் சம்மட்டியால் காரியம் ஆகாது. இந்த வண்டிகளை உள்ளிருந்து வெளியாகக் கட்டினார்கள். முதலில் தரை, பிறகு சுவர், அலமாரி, கூரைச் சட்டம், கடைசியில்தான் தகடு. அலமாரிகளுக்குச் சுவரின் வெளிப்பக்கத்திலிருந்தே ஸ்க்ரூ முடுக்கியிருப்பார்கள். ஆகையால் பிரிப்பதும் அதே வழியில், தலைகீழாக. ஓரத்துப் பட்டைகளைக் கழற்றி, தகட்டை மடங்காமல் உரித்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மக்கிப் போன கட்டையைக்கூட எறியக் கூடாது. அந்த வளைவுக்கு வேறு மாதிரி கிடையாது. தையற்காரர் பழைய ரவிக்கையை வைத்துப் புதுத் துணி வெட்டுவதுபோல், மக்கின கட்டையை வைத்துத்தான் புதுக் கட்டை அறுக்க வேண்டும். டெலிவிஷனில் அதுதான் முதலில் குப்பைக்குப் போகிறது!

வெள்ளைப் பெயின்டுக்கு வருவோம். பிர்ச் ப்ளைவுட்டில் தேன் நிறத்தில் அரக்கு மெருகு கொடுத்திருப்பார்கள். (அரக்கு என்றால் நம் தேசத்துச் சரக்குதான். ஜார்க்கண்டில் மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் விளைவிக்கிற அதே அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்து, அமெரிக்க டிரெய்லரின் சுவரில் பளபளக்கிறது.) அதன்மேல் ஒரு முறை பெயின்ட் அடித்துவிட்டால், சுரண்டி எடுத்தாலும் மரத்தின் கண்களில் வெள்ளை ஏறி நின்றுவிடும், பழைய தேன் நிறம் திரும்பாது. அதையாவது ரசனை என்று விட்டுவிடலாம். ஆனால் ஒழுகிய கறை இருக்கிறதே, அது வியாதிக்காரன் உடம்பின் ஜுரம் மாதிரி. தண்ணீர் எங்கே நுழைகிறது என்று சொல்வது அதுதான். அதன்மேல் வெள்ளையடிப்பது தர்மாமீட்டரை உடைத்துவிட்டு ஜுரம் இறங்கிவிட்டது என்பதற்குச் சமம்.

அப்படி வெள்ளையடித்த வண்டியை நிகழ்ச்சி பார்த்த உற்சாகத்தில் ஒரு தம்பதி வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொல்லையில் நிற்கும் வரையில் அது பொம்மை வீடு. நெடுஞ்சாலைக்குப் போனால் பூகம்பத்தில் ஓடுகிற வீடு. சட்டத்தில் பிடிமானம் இல்லாவிட்டால் காற்றின் வேகமே தகட்டைப் பிரித்துவிடும். டயர் பார்வைக்குப் புதிதாக இருக்கும். ஆனால் ஓடாமல் நின்றே கிழடான ரப்பர் வெடிக்கும். பேரிங்குக்குக் கிரீஸ், பிரேக், கொக்கி தப்பினால் வண்டியைப் பிடித்துக்கொள்ளும் சங்கிலி, இதெல்லாம் காமிராவுக்கு அழகில்லாத சமாசாரங்கள். எல்லாவற்றையும்விட, பழைய காஸ் குழாயும் பழைய அடுப்பும். சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று இணைப்புக்கு இணைப்பு பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது. மூடிய சிறு அறையில் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நிஜம் என்று சொல்லிக்கொள்ளாத ஒரு சினிமா இதைவிட உண்மையாக இருந்தது. 1954-இல் வந்த 'த லாங், லாங் டிரெய்லர்' படத்தில் லூசில் பாலும் டெஸி ஆர்னஸும் புதுத் தம்பதி. அப்போது 'ஐ லவ் லூசி' என்ற டெலிவிஷன் தொடரால் வீட்டுக்கு வீடு தெரிந்த முகங்கள். வீடு வேண்டாம், டிரெய்லர் வாங்கலாம் என்று மனைவி சாதிக்கிறாள். 36 அடி நீளம்! அதற்கு இசைவாகக் கார் திண்டாடுகிறது. வண்டி ஓடும்போதே பின்னால் சமைக்கிறேன் என்று புறப்பட்டு, மாவும் சட்டியும் தானுமாகச் சுவருக்குச் சுவர் உருளுகிறாள். (ஓடும் டிரெய்லரில் ஆட்கள் இருப்பதை அமெரிக்காவின் பல மாநிலங்கள் சட்டப்படி தடுத்திருக்கின்றன.) போன இடமெல்லாம் ஞாபகார்த்தமாகப் பெரிய பெரிய கற்களைப் பொறுக்கிச் சேர்க்கிறாள். மலை ஏறுமுன் எல்லாவற்றையும் எறி என்று கணவன் சொல்ல, இவள் அலமாரிகளில் ஒளித்து வைக்கிறாள். மலைப்பாதையில் கற்கள் உருளுகின்றன. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் பாரம் என்றால் என்ன, அதை இழுப்பவன் படும் பாடு என்ன, எடையைப் பற்றி வீட்டில் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்தச் சிரிப்பில் இருந்தன. பின்னாள் நிகழ்ச்சிகளில் கற்களும் இல்லை, மலையும் இல்லை, தலையணைதான் இருக்கிறது.

டெலிவிஷனால் நன்மையே இல்லை என்று சொன்னால் அநியாயம். பழைய இரும்புக்குப் போக வேண்டிய எத்தனையோ வண்டிகளை ஜனங்கள் திரும்பிப் பார்த்தது இதனால்தான். 'ஷாஸ்டா' என்ற வண்டிக்குப் பின்புறம் இரண்டு தகரச் சிறகுகள் உண்டு. 1961-ஆம் வருஷத்து மாதிரியை, சிறகு உள்பட, 2015-இல் கம்பெனியே புதிதாகச் செய்து விற்கும் அளவுக்கு மோகம் வளர்ந்தது. ஆனால் அந்தக் கூட்டல் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். அதில் சனி, ஞாயிறு தோறும் கொல்லையில் முழங்காலிட்ட மணிகளுக்கு விலை போடுவது அபூர்வம். ஏர்ஸ்ட்ரீமின் தகட்டை முகம் தெரிகிற மாதிரி தேய்த்து எடுப்பவர்களைப் பாருங்கள். பொங்கலுக்குப் பித்தளைப் பாத்திரம் தேய்ப்பதைக் கஷ்டம் என்று இனிமேல் சொல்ல மாட்டீர்கள். விரலெல்லாம், முகமெல்லாம் கறுப்பு மசி. ஒரு முழம் பளபளத்ததும் இன்னும் இருபதடி பாக்கி. லாபத்துக்காக இதை ஒருவர் செய்வாரா?

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. 1919-இல் ஃபிளாரிடாவின் டாம்பா நகரில் ஆரம்பித்த 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கம் நடுவில் தூங்கிப்போய், 1998-இல் புத்துயிர் பெற்றது. அவர்கள் கூடும் மைதானங்களில் பழைய வண்டிகள் வரிசையாக நிற்க, கதவுகளைத் திறந்து வைத்து, வருகிறவர்களுக்கு உள்ளே காட்டுகிறார்கள். 1999-இல் இரண்டு சகோதரிகள் தொடங்கிய 'சிஸ்டர்ஸ் ஆன் த ஃப்ளை' பெண்களுக்கே ஆன சங்கம். கணவன்மாருக்கும் குழந்தைகளுக்கும் அங்கே அனுமதி இல்லை! வண்டியை மாட்டுவது, இழுப்பது, நிறுத்துவது எல்லாம் அவர்களே. வெளிப்புறத்தில் இஷ்டம்போல் சித்திரம் எழுதிக்கொள்கிறார்கள். அதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். தகட்டின்மேல் பெயின்ட் எந்த ஈரத்தையும் ஒளிப்பதில்லை. டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டுவதுதான் இதில் பெரிய பரீட்சை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் வண்டி மறுபக்கம் போகும். கையை ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் வைத்துக்கொண்டால், கை போகிற பக்கமே வண்டியின் பின்புறமும் போகும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைக் காலி மைதானத்தில் பழக்குவது நல்லது. பள்ளமும் மரமும் பிறகு.

பழுது பார்த்து முடிந்ததும் செய்கிற பரீட்சை ஒன்று பாக்கி. திரை தைப்பதற்கும் மெத்தை போடுவதற்கும் முன்னால், ஒருவர் வெளியே நின்று தோட்டத்து ரப்பர் குழாயால் கூரையிலும் ஜன்னலிலும் மூலையிலும் தண்ணீரை நிதானமாக ஓட விடுகிறார். இன்னொருவர் உள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு, டார்ச் விளக்கோடு சட்டம் சட்டமாகத் தடவிப் பார்க்கிறார். "ஈரம்" என்று உள்ளிருந்து குரல் வந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு, அந்த மூலைப் பட்டையை மறுபடி கழற்றுகிறார்கள்.