சோழவரம் ரேஸ் மலருக்கு ஜிபே செய்யுமுன்

போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய சோழவரம் கார் பந்தயங்கள், 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறின. அந்தக் காலத்து ரேஸ் மலரும் டிக்கெட்டும் பெரும்பாலும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயிருக்கும். தப்பிப் பிழைத்தவற்றைத் தேடி வாங்க இப்போது ஆள் இருக்கிறது. 1957-ல் பிரிட்டனில் வந்த ஸ்கேலெக்ஸ்ட்ரிக் ஸ்லாட் கார் பெட்டிகளுக்கும், அந்தக் காலத்து ஆங்கில ரேஸ் பத்திரிகைகளுக்கும் அப்படித்தான். 1985-ல் எரிந்துபோகும்வரை மூர் மார்க்கெட்டில் புரட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்கினோம். இப்போது அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு, வாட்ஸ்அப்பில் வந்த அட்டைப் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்புகிறோம். ஏமாற்றுபவருக்கு அந்த ஒரு படம் போதும்.

வாங்குமுன், விற்பவர் யார் என்று கேளுங்கள். கடையோ, தொழிலாகவே விற்பவரோ என்றால் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். ஆன்லைன் கடை என்றால் 2020-ன் மின்வணிக விதிகளும் சேரும். புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி வாங்க மறுக்கக் கூடாது. ஆனால் எதிரில் இருப்பவர் உங்களைப் போலவே சேகரிப்பவர், தன்னிடம் உள்ள ஒரே பிரதியை விற்கிறார் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்பது கடினம். அங்கே கைகொடுப்பது 1930-ன் பழைய சரக்கு விற்பனைச் சட்டம்தான்: வர்ணனையை நம்பி வாங்கிய பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம்.

அந்த வர்ணனை எங்கே இருக்கிறது? போனில் பேசியது காற்றோடு போய்விடும். “இது அந்த ஆண்டில் அச்சான அசல், மறுபதிப்போ ஜெராக்ஸோ இல்லை, எல்லாப் பக்கமும் இருக்கிறது, சரிதானே?” என்று எழுதிக் கேட்டு, “ஆமாம்” என்ற பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்குக் கோபப்பட மாட்டார். கூரியர் பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவிடுங்கள்.

வயதைச் சோதிக்கப் பெரிய நிபுணர் தேவையில்லை, அச்சிலேயே சாட்சி இருக்கும். நம் நாட்டில் தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1-ல். 1955-ன் மலர் என்று சொல்லி அட்டையில் ‘50 பைசா’ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். 1964 நடுவில்தான் ‘நயா’ என்ற ஒட்டு பைசாவை விட்டு உதிர்ந்தது. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். அதற்கு முன் முகவரி ‘மெட்ராஸ்-2’ என்ற மாதிரி முடியும். 1968-ன் விளம்பரத்தில் ஆறு இலக்கம் இருந்தால் கதை முடிந்தது. ‘சென்னை’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் 1996-க்கு முன் என்பதை நம்ப வேண்டாம். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: பழைய அச்சுப் படம் வரிசையான புள்ளிகளாகத் தெரியும், இங்க்ஜெட் பிரதியில் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும்.

முதல் பக்கத்தில் நூலக முத்திரை இருந்தால், கழித்துவிட்டதற்கான குறிப்பும் இருக்கிறதா என்று கேளுங்கள். திருடியவர் விற்றாலும் அது உங்களுடையது ஆகாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. விலை மலிவு என்பதற்காக இதைக் கண்டுகொள்ளாமல் விடுகிற நண்பர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை.

இதழ் உங்களுடையது, அதன் பதிப்புரிமை உங்களுடையது அல்ல. பெயரிட்டு எழுதிய ஒருவரின் கட்டுரைக்கு உரிமை, அவர் இறந்து 60 ஆண்டு வரை உண்டு. ஸ்கேன் செய்து பிடிஎஃப் விற்பது குற்றம். பெயர் தெரியாதவர் எழுதியது என்றாலும் வெளியான பிறகு 60 ஆண்டு ஓட வேண்டும்.

பணம் போனது தெரிந்தால் முதலில் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறுமுன் அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. நீங்களே யுபிஐ பின் போட்டு அனுப்பியது என்பதால் வங்கி தானாகத் திருப்பித் தரும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள் விற்பவராக இருந்தாலும் ஒன்று: பணம் பெற யுபிஐ பின் எண்ணோ க்யூஆர் ஸ்கேனோ தேவையே இல்லை.

எந்த அலுவலகம் என்பதில் நம் பகுதிக்கே உரிய குழப்பம் ஒன்று. அம்பத்தூர் வட்டம் 2018-ல் சென்னை மாவட்டத்துக்குப் போனது, போலீஸோ 2022 முதல் ஆவடி ஆணையரகம். எனவே அம்பத்தூர்க்காரர் மோசடிப் புகாருக்கு ஆவடியையும், நுகர்வோர் வழக்குக்குச் சென்னையையும் பார்க்க வேண்டும். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குப் போலீஸ் அதே ஆணையரகம், நுகர்வோர் ஆணையம் திருவள்ளூர். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள், பல தகராறு அங்கேயே முடியலாம். லாபத்துக்கு மறுபடி விற்க வாங்கியவர்களை மட்டும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. ஆகவே, “நல்ல விலை வந்தால் தள்ளிவிடலாம்” என்று வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுமுன் கொஞ்சம் யோசியுங்கள். எதிர்த்தரப்பு வக்கீலும் அதைப் படிப்பார்.