கண்ணாடியில் தெரியும் எழுத்து

இந்த இதழை முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் பிடித்து, அதில் தெரியும் வரிகளைப் படிக்க முயலுங்கள். வரி வலப்புறத்தில் தொடங்குகிறது. ‘ப’ மாறவில்லை, அதன் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதே காரணம். ‘ட’ மட்டும் புறம் திரும்பி நிற்கிறது. எழுத்துகள் எல்லாம் தெளிவாகவே தெரிகின்றன. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதல் வகுப்புக் குழந்தையைப் போல் நாம் திணறுகிறோம். பார்வையில் குறை இல்லாதபோது இத்தடுமாற்றம் ஏன்?

ஒரு பசுவை எண்ணிப் பாருங்கள். அது இடப்புறம் பார்த்து நின்றாலும் வலப்புறம் பார்த்து நின்றாலும் நமக்கு அதே பசுதான். புலி எந்தப் பக்கமாக வந்தாலும் ஓட வேண்டியதுதான்! எனவே உருவங்களை அறியும் மூளைப் பகுதி, இடவல வேற்றுமையைப் பொருட்படுத்தாத இயல்புடையது. எழுத்து தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. படிப்பதற்கென்று மூளையில் தனி உறுப்பு உருவாக அந்தக் காலம் போதாது. பொருள்களையும் முகங்களையும் அறியும் பகுதியில் ஒரு சிறு இடமே எழுத்தை அறியும் வேலையையும் ஏற்றுக்கொள்கிறது என்பது பிரெஞ்சு அறிவியலார் ஸ்டானிஸ்லாஸ் தெஹேனின் விளக்கம். அந்தப் பகுதியின் பழைய வழக்கமும் கூடவே வருகிறது.

ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு எழுதுவது இதனால்தான். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்டன், 1925இல், மூளையின் இரு பாதிகளுக்கிடையே ஏற்படும் போட்டியே இதற்குக் காரணம் என்றும், இது படிப்புக் குறைபாட்டின் அடையாளம் என்றும் கருதினார். அவர் கூறிய காரணம் இன்று ஏற்கப்படுவதில்லை. எழுதக் கற்கும் பருவத்தில் நன்றாகப் படிக்கும் குழந்தைகளும் இப்படி எழுதுவதுண்டு. பெரும்பாலும் பழகப் பழகத் தானே மறைந்துவிடும். இதற்காகக் குழந்தையின் கையில் அடிப்பவர்கள் மூளையின் இயல்பை அடிக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

இனி, ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தையும் நான்காம் எழுத்தையும் சிறிய வடிவில் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் ஒரு கோடு, ஒரு வட்டம். வட்டம் வலப்புறம் இருந்தால் ஓர் எழுத்து, இடப்புறம் இருந்தால் வேறெழுத்து. நம் தமிழில் இப்படிக் கண்ணாடிப் பிம்பமாக அமைந்த எழுத்து இணைகள் இல்லை. இதனால் ஏதேனும் வேறுபாடு விளையுமா? எரிக் பெடர்சன் என்ற ஆய்வாளர் தமிழர்களிடையே இதை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார். ஒரு கோட்டுருவத்தைக் காட்டி, அது மற்றொரு பெரிய உருவத்துக்குள் அடங்கியுள்ளதா என்று கேட்பது சோதனை. சில உருவங்களில் அது இடவலம் மாறி இருக்கும். எழுத்தறியாதவர்கள் அதையும் ‘அதேதான்’ என்று ஏற்கும் போக்குடையவர்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் அவ்வாறே ஏற்றனர்! ஆங்கில எழுத்தும் அறிந்தவர்களே அதனை வேறென்று பிரித்தனர். தமிழ் மட்டும் அறிந்தவர்களின் கூர்மைக்கு இது குறைவன்று. அவர்களுடைய எழுத்து அந்தப் பாகுபாட்டை அவர்களிடம் கேட்கவில்லை, அவ்வளவே.

திரும்பிய எழுத்தைப் பயிற்சியால் படிக்க முடியுமா? டொரான்டோ பல்கலைக் கழகத்தின் பால் கோலர்ஸ் மாணவர்களிடம் தலைகீழாக அச்சிட்ட பக்கங்களைக் கொடுத்தார். சாதாரணப் பக்கத்தை ஒன்றரை நிமிடத்தில் படித்தவர்களுக்கு, முதல் தலைகீழ்ப் பக்கம் 16 நிமிடத்துக்கு மேல் பிடித்தது. ஏறத்தாழ 200 பக்கங்களுக்குப் பின் அது 1.6 நிமிடமாகக் குறைந்துவிட்டது! ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் முதல் பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடமே தேவைப்பட்டது.

இதைவிட வியப்பானது 1980இல் நீல் கோஹன், லாரி ஸ்குவயர் இருவரும் வெளியிட்ட ஆய்வு. புதிய செய்திகளை நினைவில் வைக்க இயலாத நோயாளிகளுக்கு அவர்கள் கண்ணாடி எழுத்தைப் படிக்கப் பயிற்சி அளித்தனர். மற்றவர்களைப் போலவே நோயாளிகளும் தேறினர். மூன்று மாதம் கழித்தும் அத்திறமை அவர்களிடம் இருந்தது. ஆனால் அப்படி ஒரு பயிற்சி நடந்ததே அவர்களுள் சிலருக்கு நினைவில்லை! செய்தியை நினைப்பதும் திறமையைப் பெறுவதும் மூளையில் வெவ்வேறு வழிகளில் நடப்பவை என்பதற்கு இது முக்கியமான சான்றாயிற்று.

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் கம்பாசிட்டர்களுக்கு இத்திறமை அன்றாடத் தொழில். தாளில் நேராகப் பதிய வேண்டுமாதலால் அச்செழுத்து கண்ணாடிப் பிம்பமாகவே வார்க்கப்பட்டிருக்கும். கோத்த வரியை அவர்கள் தலைகீழாக வைத்துக்கொண்டு படித்தார்கள். அப்போது வரி வழக்கம்போல் இடமிருந்து வலமாக ஓடும். எழுத்துகள் மட்டும் மேல்கீழாகப் புரண்டிருக்கும். அவர்கள் கண்ட காட்சியை நீங்களும் காணலாம். இதழைத் தலைகீழாகத் திருப்பி, மறுபடியும் கண்ணாடியின் முன் பிடியுங்கள். முன்னதைவிட இது எளிதாக இருக்கிறதா, கடினமா? கடிகாரத்தை வைத்துக்கொண்டு, இரண்டு முறையிலும் பத்துப் பத்து வரிகளைப் படித்துப் பாருங்கள்.