பயிர்ப் படம் குழுவில் போடும்முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

காலை ஆறு மணிக்கு வயலுக்குப் போனவர் ஆறரைக்குள் செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். "இது என்ன நோய்? என்ன மருந்து அடிக்கலாம்?" காபி குடித்து முடிப்பதற்குள் நான்கு பதில் வந்துவிடுகிறது. நான்கும் நான்கு மருந்து.

இந்தக் குழுக்களைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 2018-ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட அமெரிக்கப் படைப்புழு அதே ஆண்டில் நம் மக்காச்சோளத்திலும் இறங்கியது. அதுவரை யாரும் பார்த்திராத புழு. தலையில் தலைகீழான 'ஒய்' குறி, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி என்று அடையாளம் காட்டிய படங்கள் கைக்குக் கை போயின. குருத்துக்குள் மரத்தூள் போல் எச்சம் கிடந்தால் உள்ளே புழு இருக்கிறது என்பதையும் பலர் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

சிக்கல் வருவது, படத்தில் இல்லாததையும் சேர்த்துப் பதில் சொல்லும்போது. தென்னையை எடுத்துக்கொள்வோம். கீழ்மட்டைகள் கரி பூசினாற்போல் கறுத்துவிட்டன என்று ஒருவர் படம் போடுகிறார். கறுப்பு பூசணம்தானே என்று பூசணக்கொல்லியை எழுதிவிடுகிறார்கள். பூசணம் என்பது சரி. ஆனால் அது வந்தது மேல்மட்டையிலிருந்து சொட்டிய தேன் போன்ற கழிவின்மேல். அதைச் சொட்டவிட்டது, 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி எடுத்திருந்தால் சுருள் சுருளாக முட்டையும் வெள்ளை மெழுகும் படத்திலேயே தெரிந்திருக்கும்.

அடுத்தவர் வெள்ளை ஈ என்று சரியாகச் சொல்லி, கடுமையான பூச்சிக்கொல்லியைச் சிபாரிசு செய்தால் அது இன்னும் மோசம். இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவி தோப்பிலேயே இருக்கிறது. மருந்தில் முதலில் சாவது அதுதான். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுவது, மட்டையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது, கறுப்புப் படலம் உரிய லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைப் பசையாகக் காய்ச்சித் தெளிப்பது, இவைதான் பல்கலைக்கழகப் பரிந்துரை. செலவும் குறைவு. குழுவில் இதைச் சொன்னால் "மைதாவா?" என்று சிரிப்புப் பொம்மை வரும். வரட்டும்.

நெல்லில் வெண்கதிர் வந்த படமும் அப்படித்தான். குருத்துப்பூச்சியாலும் கதிர் வெளுக்கும், கழுத்துக் குலைநோயாலும் வெளுக்கும். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றுதான். கதிரைப் பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வருவது பூச்சி. கழுத்துப்பகுதி கறுத்து அந்த இடத்தில் ஒடிந்தால் குலைநோய். ஒன்றுக்குப் பூச்சிக்கொல்லி, மற்றதற்குப் பூசணக்கொல்லி. வெளுத்த கதிர் எந்த மருந்திலும் மறுபடி பால் பிடிக்காது என்பதைக் குழுவில் யாரும் சொல்வதில்லை, கேட்பவர் மனம் கஷ்டப்படும் என்றோ என்னவோ.

ஆகவே படம் எடுக்கும்போது மூன்றாக எடுங்கள். வயல் முழுதும் தெரிய ஒன்று, ஒரு செடி முழுதாக ஒன்று, பாதித்த பாகம் கிட்டத்தில், அடிப்பக்கத்தோடு ஒன்று. பூச்சியின் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்தால் அளவு தெரியும். நடுவெயிலில் எடுத்தால் மஞ்சளும் வெளுப்பாகவே தெரியும், காலையிலேயே எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய படத்தை 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்பினால் தெளிவு குறையாது. கூடவே ரகம், நட்டு எத்தனை நாள், கடைசியாகப் போட்ட உரம், அடித்த மருந்து, பத்துச் செடியில் எத்தனைக்கு இப்படி என்று நான்கு வரி எழுதுங்கள். பதில் சொல்பவருக்குப் பாதி வேலை அதில் முடிந்துவிடும்.

குழுவில் வரும் படம் எந்த ஊர், எந்த ஆண்டு என்றும் கேட்க வேண்டும். 2020-ல் வட இந்தியாவில் பாலைவன வெட்டுக்கிளி இறங்கிய நேரம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடியில் கூட்டமாக இருந்த வெட்டுக்கிளிப் படங்கள் பரவி ஊரே கலங்கியது. வேளாண்துறையினர் நேரில் பார்த்து, அவை உள்ளூர் வெட்டுக்கிளிகள்தான் என்று சொன்ன பிறகே அடங்கியது.

குழுவில் ஆளுக்கொரு பதில் வந்தால் பாதித்த செடியை வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி வேளாண் விரிவாக்க மையத்துக்குக் கொண்டுபோங்கள். போக முடியாதவர்கள் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம், கட்டணமில்லை. மருந்து அடித்திருந்தால் பத்து நாள் கழித்து அதே செடியை மறுபடி படம் எடுத்து அதே குழுவில் போடுங்கள், கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும். முதல் படம் போடுகிறவர்களில் பலர் இந்த இரண்டாவது படத்தைப் போடுவதே இல்லை.